‘இல்ல’ன்னு சொல்ற டெஸ்ட்

எங்கள் ஆஸ்பத்திரியில் டைபாய்டுக்கு எடுக்கும் விடால் டெஸ்ட்டை நிறுத்திவிட்டார்களாம். கீர்த்தனா போன் செய்து சொன்னாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே கிருமி ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். “மேடம், இருந்த கடைசிப் பாட்டிலும் தீர்ந்துடுச்சு. இனிமே வாங்க வேணாம்னு சொல்லிட்டாங்க” என்றாள். நான் அப்போது மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கூடையில் இருந்த முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர், பாவம், தினமும் கீரையே சாப்பிட்டார்.

“ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க மேடம். விடாலுக்குப் பதிலா நம்ம டெஸ்ட் எப்படி வந்துச்சுன்னு புதுசா சேர்ந்தவங்களுக்குத் தெரியவே தெரியாது” என்றாள் கீர்த்தனா. தெரியாதுதான். மெஷினில் குழாயைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். நன்றாகக் குடிக்கட்டும். அந்த டீ நேரத்தை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளத்தான் எழுதுகிறேன். அடக்கத்தை எல்லாம் வேலையில் இருந்தபோதே வேண்டிய அளவு காட்டியாகிவிட்டது.

நான் படித்தது, பயிற்சி எடுத்தது, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனது எல்லாம் ஊரில் எல்லோருக்கும் நடந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அடையாறு பக்கம் இருந்த அந்தப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு மேஜை கொடுத்தார்கள். அதில் காலையில் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை விடால் பார்ப்பது.

விடால் என்பது யாரோ ஒரு வெளிநாட்டு டாக்டரின் பெயர். நம் ஜனங்களுக்கு அது எங்கே தெரியும்? விடாத காய்ச்சலுக்கு எடுப்பதால் அது ‘விடாத டெஸ்ட்’. “நாலு நாளா ஜுரம் வுட மாட்டேங்குது, அந்த விடாத டெஸ்ட் எடுத்துடுங்க” என்றுதான் கவுண்டரில் கேட்பார்கள். நான் முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு அவர்கள் வைத்த பெயரே பொருத்தம் என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்த டெஸ்ட் யாரையும் விடாது. அது டைபாய்டு கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். போன வருஷம் டைபாய்டு வந்துபோயிருந்தாலும் காட்டும், தடுப்பூசி போட்டிருந்தாலும் காட்டும், வேறு ஏதோ காய்ச்சலுக்கும் சில சமயம் காட்டும். உண்மையாகவே டைபாய்டு வந்த குழந்தைக்கு முதல் சில நாட்களில் காட்டாமலும் இருக்கும்.

போதாததற்கு அவசரம் வேறு. ஒழுங்கான முறையில் குழாயில் வைத்து மறுநாள் பார்க்க வேண்டும். அடியில் பொத்தான் மாதிரி படிந்திருந்தால் இல்லை, பாய் விரித்த மாதிரி பரவியிருந்தால் உண்டு. தெருமுனை லேபுகளில் அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. கண்ணாடித் துண்டில் ரத்தத்தின் தெளிந்த நீர் ஒரு சொட்டு, மருந்து ஒரு சொட்டு, கலக்கிவிட்டு ஒரு நிமிஷத்தில் பார்க்க வேண்டும். கலக்கிவிட்டு இன்னொருவருக்கு ரத்தம் எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தால், மேலே சுற்றும் ஃபேன் காற்றில் அது ஓரமெல்லாம் காய்ந்து, உண்டு என்பது போலவே மணல் மணலாகத் தெரியும். அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் சென்னையில் எல்லோருக்கும் டைபாய்டுதான்.

இதைக் கண்டு முதலில் கோபப்பட்டவர் எங்கள் துறைத் தலைவர் டாக்டர் அம்புஜவல்லி. மயிலாப்பூர்க்காரர். குட்டையாக, பருத்திப் புடவையில், காலில் சத்தமே வராமல் பின்னால் வந்து நிற்பார். வீட்டில் வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார். ஆய்வுக்கூடத்தில் மாட்டுப் பித்தப் பொடி டப்பாவைத் திறந்து பார்த்து, “இது கட்டி தட்டிப் போயிடுத்து, வேற வாங்கு” என்பார்.

முடிவு பார்க்கும்போது அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. குழாயில் ஒட்டியிருக்கும் பெயரை நான் விரலால் மறைத்துக்கொள்ள வேண்டும். யார் குழந்தை, எந்த வார்டு, டாக்டர் என்ன நினைக்கிறார் என்று எதையும் சொல்லக் கூடாது. மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்.

“என்ன பாத்தே?”

“பாசிட்டிவ் மேடம்.”

“அது நீ நெனச்சது. பாத்ததைச் சொல்லு.”

“அடியில பாய் மாதிரி பரவியிருக்கு மேடம்.”

“அதைச் சொல்லு. பேர் தெரிஞ்சா கண்ணு அதுக்குத் தகுந்த மாதிரி பாக்கும்டீ.”

அந்த ‘டீ’ கிடைப்பதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதன் பிறகுதான் என்னை மனுஷியாக மதிக்கிறார் என்று தெரிந்தது.

டைபாய்டைக் கிருமியை வைத்தே கண்டுபிடிக்க ரத்தத்தை வளர்த்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. பெரியவர்களுக்குச் சரி. குழந்தைக்கு எவ்வளவு ரத்தம் எடுப்பது? அம்மாக்கள் ஊசியைப் பார்த்ததுமே குழந்தையை மடியில் இறுக்கிக்கொள்வார்கள். ஒரு தடவை குத்தவே அரைமனசு, அதில் விடாலுக்குக் கொஞ்சம் போய்விடும். குறைந்த ரத்தத்தில் கிருமியும் குறைவு, அது வளரவும் நாளாகும்.

ஒருநாள் நான் விடாலுக்காக ரத்தத்தில் மேலே தெளிந்த நீரை எடுத்துக்கொண்டு, அடியில் உறைந்த கட்டியைக் குப்பையில் போடப் போனேன். மேடம் பின்னால் நின்றிருந்தார். “அதை ஏன் தூக்கிப் போடறே? கிருமியெல்லாம் அதுலதானே மாட்டிண்டிருக்கும்?” என்றார். கட்டியை வளர்த்துப் பார்ப்பது பழைய காலத்து முறைதான், அவர் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் அப்போது எங்களுக்குக் கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் மெஷின் புதிதாக வந்திருந்தது. இரண்டையும் சேர்த்தால் என்ன என்பது மேடத்தின் யோசனை. கட்டியை உடைத்துப் பித்த நீரில் போட்டால் ரத்த அணுக்கள் கரையும், டைபாய்டு கிருமி மட்டும் பித்தத்தில் குஷியாக வளரும். சில மணி நேரம் வளர விட்டு மெஷினில் வைத்தால், மறுநாளே முடிவு. இன்னொரு ஊசியும் வேண்டாம்.

சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! மாசக்கணக்கில் எதை வைத்தாலும் மெஷின் இல்லை, இல்லை என்றே சொன்னது. ரத்தத்தை வளர்த்துப் பார்த்துக் கிருமி இருக்கிறது என்று உறுதியான குழந்தைக்கும் இல்லை. நான் அழுதேன். மேடம் அழவில்லை, “சாட்சி வை” என்றார். அதாவது அதே குழந்தையின் கட்டியில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, அதில் நாமே துளி டைபாய்டு கிருமியைச் சேர்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. சாட்சிக் குழாய் கட்டாயம் ‘உண்டு’ என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்துக் குழாயின் ‘இல்லை’ என்ற பேச்சை நம்பக் கூடாது.

வைத்தோம். சாட்சியும் இல்லை என்றது. அப்போதுதான் புரிந்தது, ரத்தத்தில் இருக்கும் சிவப்புச் சாயமே மெஷினின் வேலையைத் தடுக்கிறது. மேடம் எனக்குச் சொன்ன வைத்தியம்: “அரிசி களையற மாதிரி களை. தண்ணி தெளியற வரைக்கும் விடாதே.” களைந்தேன். சுழலும் கருவியில் வைத்துச் சுற்றி எடுத்து, மேல் நீரை வடித்து, புது நீர் விட்டு, மறுபடி சுற்றி. நீர் தெளிந்த அன்று சாட்சிக் குழாயின் கோடு திரையில் மேலே ஏறியது. மெஷினைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. மேடம், “என்ன பாத்தே?” என்று கேட்டார். “கோடு ஏறுது மேடம்” என்றேன். “இப்ப அழு” என்றார்.

அதன் பிறகு வார்டில் பரீட்சார்த்தமாக வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. உண்டு என்று சொன்னபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். இல்லை என்று சொன்னால் யாருக்கும் பிடிக்கவில்லை. காய்ச்சலோடு ஒரு குழந்தை படுத்திருக்கும்போது இல்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? டாக்டர் முரளிதரன் என்று எங்கள் குழந்தை மருத்துவர், கெட்டிக்காரர், கோபக்காரர். இந்த டெஸ்ட் தொடரலாமா என்று முடிவு சொல்லும் குழுவில் அவரும் இருந்தார். “இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு மெஷினா மேடம்? அதை நான் சும்மாவே சொல்லுவேனே” என்று மாடிப்படியில் வைத்தே கிண்டல் செய்வார்.

அந்தச் சமயத்தில்தான் ரிஸ்வானா வந்தாள். ஐந்து வயதுக் குழந்தை. அவள் அத்தா சலீம் பாய் தி.நகரில் மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். எந்தப் புடவையைக் காட்டினாலும் அதற்கு ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுப்பார். வீடு கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய குடியிருப்பு. காய்ச்சல் வந்ததும் வெளி லேபில் விடால் எடுத்து டைபாய்டு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சிரப் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. எங்களிடம் சேர்த்து, டைபாய்டுக்கான ஊசி போட்டும் இறங்கவில்லை. எங்கள் மேஜையில் எடுத்த விடாலும் பாய் விரித்துக் காட்டியது. கட்டியை வைத்த மெஷின் மட்டும் இல்லை என்றது.

டாக்டர் முரளிதரன் நேராகக் கீழே இறங்கி வந்தார்.

“என்ன மேடம், உங்க மெஷினுக்கும் ஜுரமா? ரெண்டு விடால் பாசிட்டிவ். குழந்தை கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு. மூச்சு வேகமா வாங்குது. இப்ப போய் டைபாய்டு இல்லைங்கறீங்க. நான் உங்களை நம்பி மருந்தை நிறுத்தி, நாளைக்கு அதுக்குக் குடல் ஓட்டையானா யார் பதில் சொல்றது?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் ‘இல்லை’ பொய்யாக இருந்தால் குழந்தை போய்விடும். அது நிஜமாக இருந்து யாரும் கேட்காமல் போனாலும் குழந்தை போய்விடும்.

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். “மருந்தை நிறுத்துன்னு நான் சொல்லலையே முரளி. டைபாய்டுன்னு முடிவு பண்ணிண்டு தேடறதை நிறுத்திட்டேள். அதை மறுபடி ஆரம்பிங்கோன்னு சொல்றேன்.”

“மருந்து குடுத்தாச்சு மேடம். கிருமி செத்திருக்கும். அதான் உங்க மெஷின்ல வரலை.”

“சரி. செத்துப்போன கிருமி இன்னும் ஜுரம் குடுக்கறதா?”

டாக்டர் கையில் இருந்த கேஸ் ஷீட்டை மறுபடி புரட்டினார். கடைசியில், “இன்னொரு தடவை பாருங்க” என்றார்.

ரத்தம் எடுக்க நானே மாடிக்குப் போனேன். ரிஸ்வானாவின் அம்மா பர்வீன் என் கையில் ஊசியைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டாள்.

“இன்னா மேடம், இன்னும் எவ்ளோ ரத்தம்தான் எடுப்பீங்கோ? அது உடம்புல இன்னா கீது எடுக்கறதுக்கு? விடாத டெஸ்ட்டுதான் ரெண்டு தபா எடுத்தாச்சே.”

“இது அது இல்லம்மா. இது வேற.”

“இதுல இன்னா வரும்?”

“இருந்தா இருக்குன்னு சொல்லும். இல்லன்னா இல்லன்னு சொல்லும்.”

“இல்லன்னும் சொல்லுமா?” பர்வீன் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதுவரை எந்த டெஸ்ட்டும் அவளிடம் இல்லை என்று சொன்னதில்லை போலிருக்கிறது. குழந்தையின் கையை அவளே நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அன்று நான் களைந்த மாதிரி வாழ்நாளில் எதையும் களைந்ததில்லை. மறுநாள் திரைக்கு முன்னால் நானும் மேடமும் நின்றோம். டாக்டர் முரளிதரனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வழக்கம்போல் பெயர்களை மறைத்திருந்தேன்.

“என்ன பாத்தே?”

“ஒரு கோடு ஏறிடுச்சு மேடம். ஒரு கோடு படுத்தே கிடக்கு.”

“இப்ப கையை எடு.”

எடுத்தேன். ஏறியது சாட்சி. படுத்துக் கிடந்தது ரிஸ்வானா. எங்கள் மெஷின் அவள் ரத்தத்தில் கிருமியைப் பார்க்கத் தெரிந்துதான் வைத்திருந்தது, பார்த்துவிட்டுத்தான் இல்லை என்றது. டாக்டர் நேராக மாடிக்குப் போனார். மேடம் பின்னால் போனார், நானும் ஓடினேன்.

டாக்டர் குழந்தையைப் புதிதாக அன்றைக்குத்தான் வந்த மாதிரி பார்க்க ஆரம்பித்தார். தலைமுடியைப் பிரித்து, காதுக்குப் பின்னால், அக்குளில், விரல் இடுக்கில். பாவாடையைத் தளர்த்திவிட்டு இடுப்பில் கட்டியிருந்த கறுப்பு அரைஞாண் கயிற்றைத் தூக்கினார். தாயத்துக்குப் பக்கத்தில், கயிறு படும் இடத்தில், கயிற்றோடு கயிறாக ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு.

“இது என்னம்மா?”

“அது ஒண்ணும் இல்ல டாக்டர். கயிறு உரசின புண்ணு. தேங்காண்ணெ தடவிக்கினுதான் கீறேன்.”

“வலிக்குதா பாப்பா?” என்று அவர் அமுக்கிப் பார்த்தார். ரிஸ்வானா தலையை ஆட்டினாள். வலிக்கவில்லை.

டாக்டர் முரளிதரன் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். தொலைந்த சாவி கிடைத்த மாதிரி ஒரு முகம். “புதர்ப் பக்கம் விளையாடுவாளா?” என்று கேட்டார். ஆற்றோரம் புதரில் பூனை குட்டி போட்டிருந்தது, அதைப் பார்க்க இவள் தினமும் அங்கேதான் இருப்பாள் என்று சலீம் பாய் சொன்னார். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வரும் காய்ச்சல் அது. கடித்த இடத்தில் வலி இல்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று தட்டும். டைபாய்டு மருந்து அதற்குக் கேட்காது. அரைஞாண் கட்டாத பிள்ளையாக இருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். கயிறு கட்டிய இடத்தில் புண் இருந்தால் நம் வீடுகளில் கயிற்றின் மேல்தான் பழி.

கயிற்றை வெட்ட நர்ஸ் கத்தரிக்கோல் எடுத்தாள். “அறுக்காதீங்கோ, நானே அவுக்கறேன்” என்று பர்வீன் முடிச்சை அவிழ்த்து, தாயத்தோடு கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பூச்சிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் டாக்டர் மருந்தை மாற்றினார். பரிசோதனையும் அதையே சொன்னது. மறுநாள் நான் வார்டுக்குப் போனபோது ரிஸ்வானா உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை. நானும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“இது இன்னா ஜுரம் மேடம்?” என்றாள் பர்வீன்.

“ஸ்க்ரப் டைபஸ்.”

“டைபாய்டு இல்ல, டைபஸ்ஸா? இன்னா மேடம், ரெண்டும் ஒரே மாரி கீது!”

“பேருதாம்மா ஒரே மாதிரி. ஆளு வேற.”

குழு கூடியபோது எங்களுக்காக மேடம் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. டாக்டர் முரளிதரன் எழுந்து, “இல்லைன்னு தைரியமா சொல்ற டெஸ்ட் நம்மகிட்ட இது ஒண்ணுதான். இது இருக்கணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் கட்டி டெஸ்ட் வார்டு வார்டாகப் போனது. விடால் இல்லை என்று சொன்ன குழந்தைகளுக்குக் காய்ச்சலின் தொடக்கத்திலேயே உண்டு என்று சொல்லி, சரியான மருந்தைச் சரியான நேரத்தில் கொடுக்க வைத்தது. எல்லாக் குழந்தைக்கும் சரியாகச் சொன்னது என்று சொல்ல மாட்டேன், எந்த டெஸ்ட்டும் அப்படிக் கிடையாது. ஆனால் சந்தேகம் வந்த இடத்தில் சாட்சி இருந்தது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு கீர்த்தனாவிடம் நேரில் கொடுக்கப் போனேன். கவுண்டரில் ஓர் இளம் அம்மா, தோளில் காய்ச்சல் குழந்தையோடு நின்றிருந்தாள்.

“கொழந்தைக்கு அந்த டெஸ்ட் எடுத்துடுங்க. ‘இல்ல’ன்னு சொல்லுமே, அது.”

கவுண்டரில் இருந்த பெண் கொஞ்சமும் யோசிக்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். நான் அசந்துபோய், “யாரும்மா இதை உனக்குச் சொன்னது?” என்று கேட்டேன்.

“எங்க பிளாக்குல பர்வீன் அக்கா. அவங்க பொண்ணு காலேஜ் படிக்குது. கோட்டூர்புரத்துல அல்லாருக்கும் தெரியுமே.”

மறுநாளும் போய்க் கீர்த்தனாவோடு திரைக்கு முன்னால் நின்றேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? கீர்த்தனா அந்த அம்மாவைக் கூப்பிட்டு, குழந்தைக்கு டைபாய்டு இருக்கிறது என்று பக்குவமாகச் சொன்னாள். அவள் பயப்படுவாள், அழுவாள் என்று நான் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“இல்லன்னு சொல்ற டெஸ்ட்டே கீதுன்னு சொல்லிச்சின்னா, அப்போ கீது. மருந்து எழுதுங்க.”

வெளியே வந்து, மயிலாப்பூருக்கு மேடத்துக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. விடால் போனது, பர்வீன் பெயர் வைத்தது, இன்றைக்கு இந்த அம்மா சொன்னது எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொன்னேன். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் வெகு நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“சாட்சி ஏறித்தோன்னோ?”

“ஏறிச்சு மேடம்” என்றேன்.